ஐந்தாவது துண்டு

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால், "வயிறு நறுக்கிட்டு இருந்தேனுங்க" என்று சொல்வேன். பாதிப் பேர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். மீதிப் பேர் நெருங்கி உட்கார்ந்து, "எனக்கு ஒரு மாசமா நெஞ்சுக்குழி கரிக்குதுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் ஏறி சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் ஒரு வயிற்றின் முழு வரலாறும் எனக்குத் தெரிந்துவிடும்.

நான் வேலை பார்த்தது சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பயாப்சி லேபில். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி கொடுப்பது என் வேலை. போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே ஒரு ஸ்கேனர் வந்திருக்கிறதாம். கண்ணாடியை உள்ளே தள்ளினால் படம் கம்ப்யூட்டரில் வந்துவிடுமாம். டாக்டர் எந்த ஊரில் இருந்தாலும் பார்க்கலாமாம். லேப் பெண்கள் போனில் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "அக்கா, அந்த அஞ்சு துண்டுக் கதையை எழுதிக் குடுங்க, புதுசா சேர்ந்தவங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றார்கள். எழுதுகிறேன். நோயாளிகளின் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிவிட்டேன்.

முதலில் வயிற்றைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கதை புரியாது.

ஜனங்களுக்கு இரைப்பை என்றால் ஒரு பை. மேலே போட்டால் கீழே போகும், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் அதைப் பற்றிச் சொல்கிற வார்த்தைகளில் ஒரு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். எதுக்களிக்குது, கபகபங்குது, கல்லு வெச்சாப்புல கெடக்குது, உள்ளே யாரோ மொளகா வறுக்கறாங்க. ஒரு தறிக்காரர், "சாப்புட்டா தறி நிக்குதுங்க, வயிறு காஞ்சா ஓடுதுங்க" என்றார். புண்ணுக்கு இதைவிடத் துல்லியமான வர்ணனை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று எங்கள் டாக்டர் அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த டாக்டர் பெயர் தெய்வசிகாமணி. லேபின் தலைவர். நான் கண்ணாடி கழுவும் வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தேன். பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், பெயர் பாப்பாத்தி. கழுவுகிற கண்ணாடிகளில் ரோஸும் ஊதாவுமாக ஏதோ பூ வேலை இருக்கிறதே, இது என்ன என்று ஒருநாள் யாரும் இல்லாதபோது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பின்னால் சார் வந்து நின்றது தெரியவில்லை. "தலைகீழா வெச்சிருக்கே பாப்பாத்தி" என்றார். திருப்பி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் என் படிப்பு தொடங்கிய விதம். மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, பழைய புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துப் படித்துப் பிடித்துக்கொண்டேன். பரீட்சையெல்லாம் பின்னால் எழுதினேன்.

அன்று நான் தலைகீழாகப் பார்த்தது ஒரு இரைப்பையின் உள்சுவர். நேராகப் பார்த்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிகள் ஒரே காட்டில் வரிசையாக வந்து நின்று, இடம் விடாமல் போர் போட்டு வைத்த மாதிரி இருக்கும். மேல்தளம் முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் நாலைந்து குழாய்கள் கீழே இறங்கும். தரைமட்டத்தில் நிற்கிற செல்கள் கொழகொழவென்று ஒரு பூச்சைச் சுரந்து சுவர் முழுக்க மெழுகிவிடும். குழாயின் நடுப்பகுதியில் உருண்டையாக, ரோஸ் நிறத்தில், நடுவில் ஒரு புள்ளியோடு சில செல்கள் இருக்கும். அவைதான் அமிலம் ஊற்றுகிறவை. நம் ரத்தத்துக்கு வேண்டிய ஒரு வைட்டமினைக் குடலில் கையைப் பிடித்துச் சேர்த்துவிடுகிற பொருளையும் அவையே செய்கின்றன. குழாயின் அடியில் ஊதா நிறச் செல்கள். பருப்பையும் கறியையும் அறுக்கிற கத்தியைச் செய்வது அவை. ஆனால் உறையில் போட்டுத்தான் வெளியே அனுப்பும். அமிலம் பட்ட பிறகுதான் உறை கழலும். இல்லாவிட்டால் செய்தவனையே அறுத்துவிடும் அல்லவா.

இந்தக் குழாய்களுக்கெல்லாம் கீழே ஒரு மெல்லிய தசை நாடா ஓடும். புடவைக்கு அடியில் தைத்த ஃபால்ஸ் மாதிரி. அதற்கும் கீழே ரத்தக் குழாய்கள் ஓடுகிற தளர்ந்த ஓர் அடுக்கு. அதற்குக் கீழே மூன்று திசையில் ஓடுகிற தடித்த தசை. மாவாட்டுகிற வேலை அதனுடையது. இந்த நாடா இருக்கிறதே, இதுதான் எங்களுக்கு எல்லைக்கோடு. கெட்ட செல், அதாவது புற்றுநோய்ச் செல், எதுவும் அதைத் தாண்டிக் கீழே இறங்காத வரைக்கும் டாக்டர்களுக்குப் பெரிய நிம்மதி.

சுவரைக் கரைக்கிற அமிலத்தையும் வைத்துக்கொண்டு, சுவரும் கரையாமல் இருப்பது எப்படி என்று சாரிடம் கேட்டேன். "மெழுகற ஆளுங்கள நாலஞ்சு நாளைக்கு ஒருதரம் புதுசா மாத்திக்குது. நம்ம ஊட்டுத் தோசைக்கல்ல அப்படி மாத்துவமா?" என்றார்.

சார் அதிகம் பேசமாட்டார். ஆனால் வேலை பார்க்கும்போது மூக்கால் முனகிக்கொண்டே இருப்பார். என்ன ராகம் என்று யாருக்கும் தெரியாது. ட்ரே வந்ததும் சட்டைக் கையை இரண்டு மடிப்பு ஏற்றுவார். ஒவ்வொரு கண்ணாடியையும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பார். எத்தனை துண்டு, எப்படி விழுந்திருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மைக்ராஸ்கோப்பில் வைப்பார். முனகல் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்றால் நாங்கள் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு நிற்போம். யாருக்கோ கெட்ட செய்தி என்று அர்த்தம்.

இனி என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்தது.

எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த துண்டு ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவுதான் இருக்கும். குப்பியில் ஃபார்மலினில் மிதந்து வரும். வந்ததும் எத்தனை துண்டு என்று எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுவோம். பிறகு அவற்றைத் தண்ணீர் போக உலர்த்தி, மெழுகுக்குள் பதிப்போம். இட்லி மாதிரி ஒரு சின்ன மெழுகுக் கட்டி கிடைக்கும். அதை இயந்திரத்தில் மாட்டிச் சீவினால், தலைமுடியைப் பதினைந்தாகப் பிளந்த கனத்துக்கு ஒரு ஏடு வரும். சுருண்ட ஏட்டை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் அப்பளம் விரிகிற மாதிரி விரியும். கண்ணாடியைத் தண்ணீருக்குள் சாய்த்து அதை அள்ளி எடுக்க வேண்டும். ஒருவருடைய கட்டி முடிந்து அடுத்தவருடையதைச் சீவுவதற்கு முன்னால், ஒரு பேப்பர் துண்டால் தண்ணீரின் மேல்மட்டத்தைப் பாலாடை எடுக்கிற மாதிரி வழித்துவிட வேண்டும். முன்னவருடைய துணுக்கு ஏதாவது மிதந்துகொண்டிருக்கும் அல்லவா. இது மூச்சுவிடுகிற மாதிரி ஒரு வழக்கம். யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை.

தப்பு நடந்த அந்தச் சித்திரை மாசம் லேப் ஏசி படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து ஜன்னலில் இருந்த பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஓட்டை வழியாக அனல் வராமல் இருக்க, பக்கத்து ஜன்னலையும் சேர்த்துத் தடித்த அட்டையை வைத்து அடைத்துவிட்டுப் போனார். சேலத்துச் சித்திரை வெயிலில் மெழுகு என்ன செய்யும்? வெண்ணெய் ஆகிவிடும். சீவினால் ஏடு வராது, களி வரும். எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து, கட்டியின் மேல் ஐஸை வைத்து இறுக்கி, அது இளகுவதற்குள் நாலு ஏடு சீவி எடுத்தோம். ஜூஸ் கடைக்காரர், "அக்கா, இன்னிக்கி எத்தன வயித்துக்கு ஐஸு?" என்று சத்தமாகக் கேட்பார். ஜூஸ் குடிக்க வந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒரு புதன்கிழமை. காலையில் முதலில் சீவியது ஆபரேஷனில் எடுத்த ஓர் இரைப்பைத் துண்டு. ஆத்தூர்ப் பக்கத்து வயதான அம்மா ஒருவருடையது. அதில் கெட்ட செல்கள் இருந்தன. சளி நிரம்பி, மையப்புள்ளியை ஓரமாகத் தள்ளி, கல் வைத்த மோதிரம் மாதிரியே இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்வதற்கே வாய் கூசுகிற ஒரு அழகு. அடுத்தது மாரப்பன் என்கிற நாற்பது வயசுக்காரருடைய எண்டோஸ்கோப்பித் துண்டுகள். சேந்தமங்கலத்துக்காரர், கல்யாணச் சமையல் மாஸ்டர். ஆறு மாசமாக நெஞ்சுக்குழி எரிச்சல், இரைப்பையில் ஒரு புண். புண்ணோரத்தில் இரண்டு, மேல் பகுதியில் இரண்டு, மொத்தம் நான்கு துண்டுகள்.

அவருடைய கட்டியின் மேல் ஐஸ் ஏற்கெனவே உருகிக்கொண்டிருந்தது. உருகுவதற்குள் சீவிவிட வேண்டும் என்று கைக்கு அவசரம். சீவினேன், மிதக்கவிட்டேன், அள்ளினேன். தண்ணீரை வழிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சார் மாரப்பனின் கண்ணாடியை எடுத்தார். ஜன்னல் அடைத்திருந்தது. வெளிச்சத்தில் பார்க்க வழியில்லை. நேராக மைக்ராஸ்கோப்பில் வைத்தார். முனகல் ஓடியது. நின்றது. நாங்களும் நின்றோம். ரிப்போர்ட் போனது. வெள்ளிக்கிழமை காலை சர்ஜன் மாரப்பனிடம் சொல்லி, அன்றே அட்மிட் ஆகச் சொன்னார். திங்கட்கிழமை ஆபரேஷன். இரைப்பையை எடுத்துவிடுவது என்று முடிவு.

சனிக்கிழமை மதியம் நான் அந்த வாரத்துக் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடி, மெழுகுக் கட்டி, ரிஜிஸ்டர் மூன்றையும் ஒத்துப் பார்த்து அடுக்க வேண்டும். மாரப்பனுடையதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் நான்கு. மெழுகுக் கட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு. மறுபடியும் எண்ணினேன். ஐந்தாவது துண்டு மற்ற நான்கோடு சேராமல், வரிசை தப்பி, ஓரத்தில் ஒரு மடிப்போடு கிடந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நான்கிலும் மோதிரம் இல்லை. ஐந்தாவதில் மட்டும் மோதிரக் கடையே இருந்தது.

புதன்கிழமை காலை கண்முன்னால் ஓடியது. வழித்தேனா? கை எவ்வளவோ முறை செய்த வேலை; செய்தது நினைவிருக்காது. ஆனால் அன்று பேப்பர்த் துண்டுகள் வைத்திருந்த டப்பாவின் மேல்தான் ஐஸ் பெட்டியை வைத்திருந்தேன். அது நினைவிருந்தது. டப்பாவை நான் திறக்கவே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் அந்தக் கண்ணாடியை ட்ரேயில் சொருகிவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை அவருடைய துண்டே உடைந்து ஐந்தாகியிருக்கலாம் என்று மனசு வக்கீல் மாதிரி பேசியது. ஒரு மனுஷனின் இரைப்பை திங்கட்கிழமை காலை இருக்குமா, இருக்காதா என்பதுதான் கேள்வி. அந்த நினைப்பு வந்ததும் கால் தானாகவே சார் ரூமுக்குப் போனது.

"சார், தப்பு பண்ணிட்டேன்" என்று கண்ணாடியை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் கண்ணாடியை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அட்டை. எழுந்து போய், அட்டையின் ஒரு மூலையைப் பிடித்து டர்ரென்று கிழித்தார். வெயில் உள்ளே விழுந்தது. அதில் பிடித்து எண்ணினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார்.

"நீ தண்ணிய வழிக்கல. நான் வெளிச்சத்துல பாக்கல. ஒரே தப்புல ஆளுக்குப் பாதி" என்றார். "கட்டிய எடு. புதுத் தண்ணி வை. நான் பக்கத்துல நிக்கறேன்."

ஐஸ் வாங்கி வந்தார்கள். கட்டியை இன்னும் ஆழமாகச் சீவ வேண்டும். அந்த ஐந்தாவது துண்டு மாரப்பனுடையதாக இருந்தால் ஆழத்திலும் வரும். தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வோர் ஏட்டுக்கும் முன்னால் தண்ணீரை வழித்தேன். வழித்த பேப்பரை சார் வாங்கிப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டார். "பூச சாமானத் தொடைக்கற மாதிரித் தொடைக்கறே. சும்மா சீவு பாப்பாத்தி, கட்டிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதற்குப் பிறகுதான் கை வழக்கம்போல ஓடியது.

ஆறு ஆழத்தில் ஆறு கண்ணாடிகள். ஆறிலும் நான்கே துண்டுகள். ஒன்றிலும் மோதிரம் இல்லை. ஆத்தூர் அம்மாவின் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதன் ஓரத்தில் ஒரு சின்ன விள்ளல் குறைந்திருந்தது.

சார் சர்ஜனுக்குப் போன் செய்தார். ஆபரேஷன் நின்றது. ஆனாலும் துண்டு கிள்ளாத இடத்தில் கெட்டது ஒளிந்திருக்கலாம் அல்லவா. திங்கட்கிழமை மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து அதிகத் துண்டுகள் எடுத்துப் பார்த்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

"வா, போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்றார் சார்.

"நானுமா சார்?"

"பாதி உன்னுது இல்ல?"

மாரப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெரிய கைகள், தணலில் வெந்த முழங்கை. பக்கத்தில் அவர் மனைவி செல்லாயி. சார் தன் பாதியைச் சொன்னார். நான் என் பாதியைச் சொன்னேன். செல்லாயி எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, வெளையாட்டுங்களா இது? நேத்துக் காத்தாலருந்து நாங்க பொழச்சிருக்கறமா செத்துட்டமான்னே தெரியலீங்க. இவரு எந்தம்பிங்க ரெண்டு பேரையும் கூப்புட்டு, அண்டா பெரியவனுக்கு, தூக்குப் போசியெல்லாம் சின்னவனுக்குன்னு பங்கு பிரிச்சுக் குடுத்துப்போட்டாரு. நீங்க என்னமோ தண்ணியத் தொடைக்கலீங்கறீங்க! தண்ணியத் தொடைக்காததுக்கு ஒரு மனுசன் வயித்த எடுப்பாங்களா?"

"தப்புத்தானுங்க" என்றேன். அதற்குமேல் சொன்னால் சமாதானம் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

மாரப்பன் மெதுவாகக் கேட்டார். "சார், இருக்குதுன்னு சொன்னதும் நீங்கதான். இல்லாம இருக்கலாமுன்னு சொல்றதும் நீங்கதான். எத நம்பறதுங்க?"

"ரெண்டையும் நம்பாதீங்க. புதங்கெழம வரைக்கும் பொறுங்க. இந்தத் தடவ எட்டுத் துண்டு எடுப்பாங்க. நான் எண்ணிப் பார்ப்பேன், இவங்க எண்ணுவாங்க, ரெண்டு பேரு கணக்கும் ஒத்து வந்தாத்தான் பேசுவோம்."

"மூணாவதா நானும் எண்ணறேனுங்க" என்றார் செல்லாயி. கேலிக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை எண்டோஸ்கோப்பி முடிந்து குப்பி வெளியே வந்ததும், வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய எட்டும் எண்ணிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். எட்டு என்று ரிஜிஸ்டரில் நான் எழுதும்வரை பக்கத்திலேயே நின்றார்.

புதன்கிழமை காலை எட்டுத் துண்டுக் கண்ணாடியை சாரிடம் வைத்தேன். கிழித்த அட்டை வழியாக வெளிச்சத்தில் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்தார். முனகல் தொடங்கியது. நான் தொட்டியைக் கழுவுகிற மாதிரி நின்றேன். தொட்டி ஏற்கெனவே கழுவியிருந்தது. ஒன்று, இரண்டு என்று துண்டு துண்டாக நகர்கிறார். முனகல் ஓடுகிறது. எட்டாவது துண்டில் குரல் கொஞ்சம் மேலே போனது. கடைசிவரை நிற்கவே இல்லை.

வேறு சாயம் போட்ட கண்ணாடியில் குற்றவாளியும் அகப்பட்டான். சுவரின் பூச்சுக்குள்ளே, கமா மாதிரி வளைந்த சின்னச் சின்னக் கிருமிகள். பூச்சைக் கெடுத்துப் புண்ணை உண்டாக்கியது அவைதான். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மாரப்பனையும் செல்லாயியையும் சார் லேபுக்கே கூப்பிட்டார். சொன்னதும் மாரப்பன் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். பிறகு, "என் வயித்த நானும் ஒருக்கா பாக்கலாமுங்களா? எடுக்கறேன்னு சொன்னப்பறந்தானுங்க அதும் மேல ஒரு பாசம் வந்துச்சு" என்றார்.

சார் நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்கார வைத்தார். மேல் பகுதியில் எடுத்த துண்டைக் காட்டினார். "உள்ள கடியார முள்ளாட்டம் ஒரு முள்ளு தெரியுதா? அது நுனியில என்ன இருக்குது?"

"ரோஸா உருண்டையா... நடுவுல பொட்டு வெச்சாப்புல..." திடீரென்று தலையை நிமிர்த்தினார். "ஏனுங்க, இது ஆஃபாயிலுங்க! நாமக்கல்லு முட்டையெல்லாம் என் வயித்துக்குள்ளதான் இருக்குதாட்டங்க!"

லேபே சிரித்துவிட்டது. சாரும் சிரித்தார். "அதுதாங்க அமிலம் ஊத்தற செல்லு. சோத்த வேகவெக்கற அடுப்புன்னு வெச்சுக்குங்க."

"எத்தன அடுப்புங்க?"

"எண்ணி மாளாது."

"எங்கிட்ட ஏழு அடுப்புத்தானுங்க. அதுக்கே நாலு ஆளு கத்திக்கிட்டு இருக்கோணும். இது ஒரு சத்தமும் இல்லாம நடக்குதே" என்று மறுபடி குனிந்துகொண்டார். ஐந்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை.

செல்லாயி பார்க்கவில்லை. "நீங்களும் பாருங்கக்கா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "அந்த அஞ்சாவது துண்டு யாருதுங்க?" என்று கேட்டார்.

சிரிப்பு நின்றது. நாலு நாளாக எங்களில் ஒருவரும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கவில்லை. எங்களுக்கு அது கலந்துபோன துணுக்கு, தப்பு, வழிக்காத தண்ணீர்.

"அதச் சொல்லக்கூடாதும்மா" என்றார் சார்.

"பேரு வேண்டாமுங்க. அவங்களுக்குத் தெரியுமுங்களா? வைத்தியம் பாத்துட்டீங்களா?"

"ஆபரேஷன் ஆயிருச்சு. நல்லவேளயா சீக்கிரம் வந்தாங்க. அடியில ஒரு தசை நாடா ஓடும், அத அது தாண்டல. தேறிக்கிட்டு வர்றாங்க."

"இந்த ஆஸ்பத்திரியிலதானுங்களா இருக்காங்க?"

சார் ட்ரேயிலிருந்த கண்ணாடிகளை அடுக்கத் தொடங்கினார். அதிலேயே செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. "எங்களுக்கு இல்லீன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கறோம். இங்க இல்லீன்னா அது இன்னொருத்தருகிட்ட இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்" என்றார். மாரப்பன் அப்போதுதான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சர்ஜரி வார்டு ஹெட் சிஸ்டர் போன் செய்தார். "பாப்பாத்தி, யாரோ உங்க ஆளுங்க வந்திருக்காங்க. வார்டு முழுக்கக் கஞ்சி ஊத்தணுமாம். ஆம்பள வார்டு, பொம்பள வார்டு ரெண்டுக்குமாம். கொஞ்சம் வந்து பாரேன்."

போனேன். மாரப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். காலடியில் பெரிய தூக்குப் போசிகள் இரண்டு, பங்காகக் கொடுத்த சின்ன மச்சானிடமிருந்து திருப்பி வாங்கியவை. அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து, குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டிய கஞ்சி. டியூட்டியில் இருந்த வேறொரு சிஸ்டரிடம் முந்தின நாளே வந்து, யார் யாருக்கு என்ன சேரும் என்று கேட்டுப் போயிருக்கிறார். காரம் கூடாது, எண்ணெய் கூடாது, உப்புக் கம்மி. ஹெட் சிஸ்டர் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று கட்டில் எண்களைச் சொன்னார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று மாரப்பனிடம் கேட்டேன்.

"யாருன்னுதான் சொல்ல மாட்டேங்கறீங்க. வார்டுக்கே குடுத்துட்டா அவங்களுக்கும் போயிருமுல்லீங்க?" என்றார்.

பெண்கள் வார்டில் செல்லாயி டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டு போனார். மாரப்பன் வாசலிலேயே நின்று, ஒவ்வொரு முகத்தையும் பந்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குது தம்பி" என்றார்கள். "வாய்க்கு வழுவழுன்னு எறங்குது" என்றார்கள். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆத்தூர் அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மடக்கு மடக்காக, பாதி குடித்துவிட்டு நிறுத்தினார். நான் தூணோரம் நின்றேன்.

"யாருப்பா இதை வெச்சது?"

"நானுங்கம்மா" என்று வாசலிலிருந்து மாரப்பன் சொன்னார்.

"நீ என்ன தொழில் பண்றே?"

"கல்யாணச் சமையலுங்க."

"யாரு உன்னைக் கூப்பிடறாங்க? உப்பே இல்லையே இதுல!"

வார்டு முழுக்கச் சிரித்தது. மாரப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டருங்க கம்மியாப் போடச் சொன்னாங்கம்மா..."

"டாக்டரா குடிக்கறாரு? நான் குடிக்கறேன். சரி சரி, இன்னொரு டம்ளர் ஊத்தச் சொல்லு."

செல்லாயி ஊற்றினார். அந்த அம்மா குடித்து முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்ததும் மாரப்பன் என்னிடம் பொருமினார். "இத்தன பேரு நல்லாருக்குன்னாங்க. அந்தம்மா ஒருத்தி மட்டும் மானத்த வாங்கிப்போட்டாங்களே. யாருங்க அவங்க?"

"தெரியலீங்க" என்றேன்.

"நாளைக்கு சிஸ்டருகிட்டக் கேட்டு ஒரு சிட்டிக சேத்திப் போட்டுக் கொண்டாறேன். அந்தம்மா வாயில நல்லாருக்குன்னு வர வெக்காம வுடமாட்டேனுங்க."

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அந்த அம்மா ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் ஒன்பது நாள், முகூர்த்த நாளில்கூட சமையலுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு, சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறித் தூக்குப் போசியோடு வந்தார். தினமும் இரண்டு டம்ளர் போயிற்று. உப்பு சரியாக இருக்கிறது என்று அந்த அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை.